மாற்றணியில் மாண்புடையோர்

 

பத்தாம் ஆண்டு விழாக் காணும் ஓர் இலக்கிய வட்டத்தில் அரசியல் தலைப்பு எதற்கு என்னும் வினா எழக்கூடும். சங்கப் பாடலும் காப்பியமும் பேசப்பட வேண்டிய மேடையில் கட்சிகளைப் பற்றிய பேச்சுப் பொருந்துமா என்று ஐயுறுவோரும் இருப்பர். ஆயினும் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து நிற்கிறது எனின் அதற்கு ஒரு காரணம் உண்டு. வெவ்வேறு கட்சிகளுக்கு வாக்களிப்போர், வெவ்வேறு தலைவர்களின் படங்களை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்போர், ஒரே கூடத்தில் அமர்ந்து ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டுத் தலையசைத்திருக்கின்றனர். "இவர் நம் கட்சிக்காரர் அல்லர், ஆனாலும் இவர் பாட்டு நன்று" என்று சொல்லும் பழக்கம் இல்லாத ஊரில் எந்த இலக்கிய அமைப்பும் ஓராண்டைக் கூடத் தாண்டியிராது.

பாட்டைப் பொறுத்தவரை இயல்கின்ற அந்த நேர்மை, தேர்தல் களத்திலும் இயலுமா? மாற்றுக் கட்சியில் மதிக்கத்தக்க ஒருவரைத் தேடிக் காண்பது தன் கட்சிக்குச் செய்யும் இரண்டகமா, அன்றித் தன் கொள்கைக்குச் செய்யும் தொண்டா? இவ்வினாவே இவ்வுரையின் பொருள்.

விடையை முதலிலேயே கூறிவிடலாம். மாற்றணியில் மாண்பைக் காண்பது, ஒருவர் தம் கொள்கையைத் தாமே உரசிப் பார்க்கும் உரைகல். எளிமை, நேர்மை, ஏழைக்கு இரங்கும் நெஞ்சு ஆகியவற்றை ஒருவர் உண்மையிலேயே போற்றுபவராயின், அவை எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை எனின், அவர் இதுவரை போற்றி வந்தது கொடியை மட்டுமே என்று கொள்ள வேண்டியிருக்கும்.

வெண்ணியில் ஒலித்த குரல்

இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 66ஆம் பாடலைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணி என்பது இன்று நீடாமங்கலத்தை அடுத்துள்ள கோயில்வெண்ணி. அங்கே கரிகாற் சோழன் சேரமான் பெருஞ்சேரலாதனைப் போரில் வென்றான். மார்பில் பாய்ந்த படைக்கலம் முதுகிலும் புண் செய்ய, அதற்கு நாணிய சேரன் வடக்கிருந்து உயிர் நீத்தான். இந்நிகழ்ச்சியைக் கழாத்தலையார் புறநானூற்றிலும் மாமூலனார் அகநானூற்றிலும் குறித்துள்ளனர்.

குயத்தியாரின் பாட்டில் எண்ணத்தக்கது அவர் யாரிடம் பாடினார் என்பதே. தோற்றவனின் நாட்டிற்குச் சென்று அவன் சுற்றத்தாரிடம் இரங்கல் பாடியிருந்தால் அஃது எளிய செயல். அவர் பாடியது வென்ற கரிகாலனை நோக்கி. அவன் முன்னோரின் கடலாட்சியைச் சொல்கிறார். அவன் வெற்றியை வெற்றியென்றே ஒப்புக்கொள்கிறார். பின்னர், புண்ணுக்கு நாணி உயிர்விட்ட அப்பகைவனே மேம்பட்டவன் அல்லனோ என்னும் பொருள்பட ஒரு வினாவை அவன் முன் வைக்கிறார். வெற்றிக் களிப்பில் இருக்கும் வேந்தனிடம், பெயரிலேயே தம் குயவர் குலத்தைத் தாங்கிய ஒரு பெண்பாற் புலவர் கேட்ட வினா இது. அவர் கரிகாலனின் பகைவர் அல்லர். அவன் புகழ் பாடுபவரே. தம் தலைவனைப் போற்றும் வாயாலேயே மாற்றானின் மாண்பையும் சொல்ல இயலும் என்பதற்கு இதனினும் பழைய சான்று தேட வேண்டுவதில்லை.

கோவூர் கிழார் செய்ததும் இத்தகையதே. நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான். உள்ளே நெடுங்கிள்ளி அடைத்திருந்தான். இருவர் சூடியதும் சோழர்க்குரிய ஆத்தி மாலையே என்பதை நினைவூட்டி, எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்று புலவர் இடித்துரைத்தார். வள்ளுவரோ பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் நாடி, மிகுதியானது எது எனக் காணச் சொன்னார். நம்மவரிடம் குணத்தை மட்டும் நாடுக, மாற்றாரிடம் குற்றத்தை மட்டும் நாடுக என்று அவர் சொல்லவில்லை. இன்றைய கட்சி மேடைகள் அவ்வதிகாரத்தை இரண்டாகப் பிளந்து, குணத்தைத் தமக்கும் குற்றத்தைப் பிறர்க்கும் பங்கிட்டுக் கொண்டன.

குடியாத்தம், 1954

சங்க காலத்தை விட்டு அண்மைக் காலத்திற்கு வரலாம். 1953இல் இராசாசியின் அரசு ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தது. எதிர்த்தவர்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். எதிர்ப்பு வலுத்த நிலையில் 1954இல் இராசாசி பதவி விலகினார். அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். அப்போது அவர் மக்களவை உறுப்பினர். மாநிலச் சட்டமன்றத்தில் அவர் இடம்பெற வேண்டும். இராசாசி 1952இல் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு முதலமைச்சரானவர். காமராசரும் அவ்வழியை நாடியிருக்கலாம். அவரோ மக்களிடம் வாக்குக் கேட்கும் வழியைத் தேர்ந்து, குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். கம்யூனிஸ்ட் கட்சி அவரை எதிர்த்து வேட்பாளரை நிறுத்தியது.

திராவிட முன்னேற்றக் கழகம் அப்போது இளங்கட்சி. 1949 செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கப்பெற்று ஐந்தாண்டுகள் கூட முடியவில்லை. அதற்கு முதன்மை எதிரி காங்கிரசுக் கட்சி. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த மும்முனைப் போராட்டத்தில் அக்கழகத்தின் தலைவர்கள் மீது காங்கிரசு அரசு வழக்குத் தொடுத்திருந்தது. தொண்டர்கள் சிறை சென்றிருந்தனர். புண் ஆறாத நேரம் அது. அந்நேரத்தில் அண்ணா, குடியாத்தத்தில் காமராசரை ஆதரிப்பது என முடிவு செய்தார். தம் கட்சியை வளர்க்க வேண்டிய ஒரு தலைவர், எதிர்க்கட்சியின் முதல்வர் வெற்றி பெற வேண்டும் என்று எழுதினார், பேசினார். காமராசர் வென்றார்.

இம்முடிவில் கொள்கைக் கணக்கும் இருந்தது. கல்வித் திட்டத்தைக் கைவிடும் முதல்வர் அவர்; எளிய குடியிற் பிறந்து வளர்ந்த தமிழர். தாங்கள் எவற்றை வேண்டிப் போராடினார்களோ அவற்றை எதிர்முகாமில் ஒருவர் செய்ய முன்வரும்போது, "செய்பவர் நம்மவர் அல்லர்" என்று முகத்தைத் திருப்பிக் கொள்வதா என்பதே அண்ணாவின் முன் நின்ற வினா. பெரியாரும் காமராசரையே ஆதரித்தார். காமராசரும் தம் பங்குக்கு ஒன்று செய்தார். கட்சித் தலைமைக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்த எம். பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக் கொண்டார்.

மாற்றாரை மதித்தால் தன் கட்சி தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோர் அதன்பின் நடந்ததைப் பார்க்கலாம். அண்ணாவின் கட்சி 1957இல் 15 இடங்களையும், 1962இல் 50 இடங்களையும் பெற்று, 1967இல் ஆட்சியைப் பிடித்தது. குடியாத்தத்தில் எவரை ஆதரித்ததோ, அவரது கட்சியையே தோற்கடித்து ஆட்சிக்கு வந்தது. காமராசரே விருதுநகரில் 1,285 வாக்கு வேறுபாட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அத்தோல்விச் செய்தி அண்ணாவுக்கு மகிழ்ச்சி தரவில்லை என்பதை அவரோடு இருந்தோர் பலர் பதிவு செய்துள்ளனர். மதிப்பும் எதிர்ப்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்க இயலும் என்பதை இப்பதின்மூன்று ஆண்டுகள் காட்டுகின்றன.

ஈரோட்டாரும் இராசாசியும்

எதிர்ப்பின் கடுமையை அளவிட வேண்டுமெனின் பெரியாரும் இராசாசியும் நின்ற இரு முனைகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் கடவுள் மறுப்பாளர். மற்றவர் கீதைக்கும் உபநிடதத்திற்கும் உரை எழுதியவர். 1938இல் இந்தி எதிர்ப்புப் போரில் பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது இராசாசியின் அரசு. 1953இல் இராசாசியின் கல்வித் திட்டத்தை வீழ்த்தப் பெரும்படை திரட்டியவர் பெரியார். இவர்களுக்கிடையே கொள்கை வழியில் ஒட்டும் உறவும் இல்லை.

ஆயினும் 1949 மே திங்களில், தம் திருமணத்தைப் பற்றியும் இயக்கத்தின் எதிர்காலத்தைப் பற்றியும் கலந்துபேசப் பெரியார் நாடியது, திருவண்ணாமலைக்கு வந்திருந்த இராசாசியைத்தான். இராசாசி அப்போது இந்தியாவின் தலைமை ஆளுநர். சூலை 9ஆம் நாள் திருமணம் நடைபெற்றது. இயக்கத்தில் பிளவு நேர்ந்தது. இராசாசியின் சொற்கேட்டே பெரியார் இவ்வாறு செய்தார் என்னும் பழி நாடெங்கும் பேசப்பட்டது. உண்மையில் இராசாசி எழுதிய கடிதம், முதுமையை எண்ணிப் பார்க்குமாறு தயக்கம் தெரிவித்த கடிதமே என்பது நெடுங்காலம் கழித்தே வெளியுலகிற்குத் தெரிய வந்தது. அக்கடிதத்தை அன்றே அச்சிட்டிருந்தால், கொள்கைப் பகைவரின் சூழ்ச்சிக்கு இரையானார் என்னும் குற்றச்சாட்டு அன்றே ஒழிந்திருக்கும். பெரியார் அதனை வெளியிடவில்லை. நம்பி எழுதப்பட்ட கடிதத்தை மேடையில் காட்டுவது முறையன்று என்று அவர் கருதினார். தாம் கட்டி வளர்த்த இயக்கம் இரண்டாகும் வேளையிலும் அவர் அந்த வாய்மூடலைக் கைவிடவில்லை. மாற்றாரை மதிப்பதற்கு ஒருவர் கொடுக்கக்கூடிய விலை எவ்வளவு பெரியது என்பதற்கு இதனினும் மேலான சான்று தமிழக அரசியலில் அரிது.

1972 டிசம்பர் 25ஆம் நாள் இராசாசி மறைந்தார். தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை சென்று கண்ணீர் உகுத்தார். அதற்கு முன்பே 1967இல் பெரியாருக்கும் ஒரு வியப்பு நேர்ந்திருந்தது. பதினெட்டு ஆண்டுகள் பிரிந்து நின்று, அத்தேர்தலில் காங்கிரசை ஆதரித்துத் தம் கட்சிக்கு எதிராகப் பரப்புரை செய்த பெரியாரைக் காண, வெற்றி பெற்ற அண்ணா திருச்சிக்குச் சென்றார். வென்றவர் தோற்ற அணியில் நின்றவரைத் தேடிச் செல்வது தமிழர் அரசியலில் அன்று நிகழ்ந்தது.

கம்பருக்கு நிறுவிய சிலை

கவிஞர்கள் நிறைந்த அவையில் இன்னொன்றும் சொல்லத்தக்கது. 1943இல் கம்பராமாயணத்தின் மீது அண்ணா தொடுத்த சொற்போர் தமிழகம் அறிந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் சென்னையில் இரா. பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அவர் வாதிட்டார். 'கம்பரசம்' என்று ஒரு நூலும் எழுதினார். அவ்வெதிர்ப்பை அவர் என்றும் திரும்பப் பெறவில்லை. ஆனால் 1968 சனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, அவர் முதலமைச்சராக இருந்த அரசு கடற்கரையில் நிறுவிய தமிழ்ச் சான்றோர் சிலைகளுள் கம்பர் சிலையும் ஒன்று. காப்பியத்தின் கருத்தை மறுத்தவர், கவியின் தமிழை மறுக்கவில்லை.

அதே கம்பனை, கடவுள் நம்பிக்கை இல்லாத பொதுவுடைமையாளர் ஜீவானந்தம் மேடைதோறும் பாடிப் பரவசப்பட்டார். அதனால் தம் தோழர்களுள் சிலரது முகச்சுளிப்பையும் அவர் தாங்கிக் கொண்டார். அந்த ஜீவா தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தார். முதலமைச்சர் காமராசர் அங்குச் சென்று அவர் வறுமையைக் கண்டு வருந்தினார் என்பது பலரும் எழுதியும் சொல்லியும் வரும் செய்தி. குடியாத்தத்தில் காமராசரை எதிர்த்து நின்றது ஜீவாவின் கட்சியே என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். 1963 சனவரி 18ஆம் நாள் ஜீவா மறைந்தபோது கட்சி எல்லைகளைக் கடந்து தமிழகம் கலங்கியது.

காமராசரின் அமைச்சரவையிலும் அதன்பின்னரும் பத்தாண்டுகள் அமைச்சராக இருந்த கக்கன், 1967இல் மேலூரில் தோற்றார். பதவி போன பின் அவரிடம் எஞ்சியது நேர்மை ஒன்றே. மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் அவர் மருத்துவம் பெற்று வந்ததை அறிந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., நேரிற் சென்று கண்டு, அரசின் உதவி அவருக்குக் கிடைக்க ஆணையிட்டார். கக்கனிடம் அன்று தருவதற்கு வாக்கு வங்கி எதுவும் இல்லை. ஒருவரிடம் பெறுவதற்கு ஒன்றுமில்லாதபோது செய்யும் மதிப்பே கலப்பற்றது.

தென்னார்க்காட்டின் பாடம்

வடக்கனந்தல் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. 2019 வரை விழுப்புரத்திலும், 1993 வரை தென்னார்க்காட்டிலும் இருந்தது. அப்பழைய மாவட்டம் தந்த முதலமைச்சர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1947 முதல் 1949 வரை அவர் ஆட்சி. திருநீறு அணிந்த காங்கிரசுக்காரர். பின்னாளில் வடலூரில் வள்ளலார் நெறியில் வாழ்ந்தவர். அவர் காலத்தில் ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் சமீன் ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின. பாரதியின் பாடல்கள் பொதுவுடைமையாக வழி பிறந்ததும் அவர் ஆட்சியில்தான். இவற்றுட் பல, மாற்று முகாமினரான சுயமரியாதை இயக்கத்தார் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்தவை. நல்லது எதிர்முகாமிலிருந்து ஒலித்தாலும் நல்லதே என்று ஏற்ற அவருக்குச் சொந்தக் கட்சியினர் சிலர் சூட்டிய பெயர் 'தாடியில்லாத இராமசாமி'. வசையாகச் சொல்லப்பட்ட அப்பெயர் இன்று அவருக்குப் புகழாக நிற்கிறது.

இவ்வூர் வயல்களுக்கு நீர் தரும் கோமுகி அணை 1960களின் இடைப்பகுதியில், காங்கிரசு ஆட்சியில் கட்டப்பட்டது. 1967க்குப் பின் அக்கட்சி இம்மாநிலத்தில் ஆட்சி அமைக்கவில்லை; அணையைப் பேணியவை பின்வந்த ஆட்சிகள். மடை திறக்கும் உழவர் எந்தக் கரை வேட்டி கட்டியிருந்தாலும் பாயும் நீர் ஒன்றே. கட்டியவரையும் பேணியவரையும் ஒரே மூச்சில் பாராட்டும் மேடை மட்டும் அரிது.

அணைக்கு மேலே எழுந்து நிற்கும் கல்வராயன் மலை வேறொரு பாடத்தைச் சொல்கிறது. 1976 வரை அம்மலை மக்கள் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தனர். ஆள்பவர் ஒருவரே, அவர்க்கு எதிரே அமர்ந்து கேள்வி கேட்க மாற்றணி என ஒன்று கிடையாது. எதிர்க்கட்சியே இல்லாத ஆட்சி எப்படியிருக்கும் என்று கேட்போர் தொலைதூர நாடுகளைத் தேட வேண்டியதில்லை. அம்மலையின் முதியோரைக் கேட்டாலே போதும். மாற்றணியில் மாண்புடையோரைத் தேடுவதன் முதற்படி, மாற்றணி ஒன்று இருப்பதே பேறு என உணர்வது.

உயர்ந்தோர் கைகுலுக்கலா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. மேலே தலைவர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக் கொள்கின்றனர். கீழே தொண்டர்கள் சுவர் விளம்பரத்துக்காக மண்டையை உடைத்துக் கொள்கின்றனர். இந்தப் பெருந்தன்மை வசதியுள்ளோரின் நட்பாட்டம் அன்றோ? ஏழைத் தொண்டனின் வழக்குச் செலவுக்கு இது பயன்படுமா?

மறுப்பில் உண்மை உண்டு. சாதி ஒன்றாக இருப்பதாலோ, வணிகத்தில் பங்கு இருப்பதாலோ, சம்பந்தம் பேசுவதாலோ எதிர்க்கட்சியினரைப் புகழ்வோர் எங்கும் உளர். அதனை மதிப்பு என்று கொள்வது பிழை. ஆகவே ஓர் அளவுகோல் வேண்டும். ஒருவர் மாற்றாரைப் புகழும்போது மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். புகழப்படுபவர் உயிரோடு இருக்கிறாரா? புகழ்பவர்க்கு அதனால் இழப்பு நேரக்கூடுமா? எந்தப் பண்புக்காகப் புகழ்கிறார் என்று பெயரிட்டுச் சொல்ல இயலுமா?

குடியாத்தத்தில் அண்ணா எழுதியது இம்மூன்றிலும் தேறும். உலக அரங்கிலும் ஒரு சான்று உண்டு. 2008 அக்டோபரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில், குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஜான் மெக்கெய்னிடம் ஒரு பெண்மணி, ஒபாமாவை நம்ப இயலாது, அவர் ஓர் அரபியர் என்றார். மெக்கெய்ன் ஒலிவாங்கியைத் தம் கைக்கு வாங்கி, அவர் கண்ணியமான குடும்பத்தவர், நல்ல குடிமகன், அவரோடு தமக்கு உள்ளது கருத்து வேறுபாடே என்று மறுத்தார். ஒபாமாவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று அவர் அக்கூட்டத்தில் சொன்னபோது அவருடைய ஆதரவாளர்களே இரைச்சலிட்டனர். அரபியர் என்றால் கண்ணியமற்றவரா என்று பின்னர் அவ்விடையில் குறை கண்டோரும் உண்டு, அக்குறையும் சரியானதே. எனினும் வாக்கு வேண்டி நிற்கும் நேரத்தில், தன் கூட்டத்தின் நடுவே, உயிரோடு இருக்கும் போட்டியாளரைப் பற்றிய பொய்யை மறுத்தார் என்பது நிற்கும்.

இந்தியாவிலும் இத்தகைய நாள்கள் இருந்தன. 1977இல் வெளியுறவு அமைச்சரான வாச்பாய், தில்லி அலுவலக வளாகத்தில் நேருவின் படம் அகற்றப்பட்டிருந்ததைக் கண்டு கேட்டதும், அது மீண்டும் அதன் இடத்திற்கு வந்தது. நேருவின் கொள்கைகளை நாடாளுமன்றத்தில் வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர் அவர். 1988இல் சிறுநீரக நோயுற்றிருந்த அதே வாச்பாயை, நியூயார்க்கில் மருத்துவமும் பெறட்டும் என்று, ஐ.நா. அவைக்குச் செல்லும் குழுவில் சேர்த்து அனுப்பினார் தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி. இதனை ஊரறியச் சொன்னவர் உதவி செய்தவர் அல்லர். இராசீவ் மறைந்த பின் வாச்பாயே சொன்னார்.

தொண்டனுக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கும் விடை உண்டு. பெரியார் இராசாசியை மதித்தார் என்பதற்காகக் கல்வித் திட்டத்தை எதிர்க்காமல் விடவில்லை. அண்ணா காமராசரை மதித்தார் என்பதற்காக 1967இல் களத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே இம்மதிப்பு போராட்டத்தை மழுங்கச் செய்வதன்று. தலைவன் மேடையில் மாற்றானை மனிதனாகப் பேசும் ஊரில், தொண்டன் தெருவில் அவன் வீட்டின் மீது கல்லெறியத் தயங்குவான். தலைவன் நாக்கிலிருந்து விழும் சொல்லே தெருவில் கல்லாகிறது. மண்டை உடைவது ஏழைத் தொண்டனுக்கே ஆதலின், இப்பண்பால் முதற்பயன் பெறுபவனும் அவனே.

மாலையும் மௌனமும்

1989 மார்ச் 25ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் படிக்கப்பட்டபோது நிகழ்ந்த கைகலப்பு, எல்லாக் கட்சியினரும் தலைகுனிய வேண்டிய நிகழ்ச்சி. அதன்பின் நெடுங்காலம் முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஓரவையில் முகம் பார்த்துப் பேசுவதே செய்தியாகும் நிலை ஏற்பட்டது. 2016 மே திங்களில் செயலலிதாவின் பதவியேற்பு விழாவிற்கு மு. க. ஸ்டாலின் சென்றதும், அவருக்குப் பின்வரிசையில் இடம் அளிக்கப்பட்டது பற்றி முதல்வர் விளக்கமும் வாழ்த்தும் தெரிவித்ததும் நாடெங்கும் வியப்போடு பேசப்பட்டன. இயல்பாக இருக்க வேண்டியது வியப்பாக மாறியதே காலத்தின் குறையைக் காட்டும்.

இன்று வேறொரு வழக்கமும் வேரூன்றியுள்ளது. மறைந்த தலைவரை மாற்றுக் கட்சியினர் போட்டியிட்டுப் போற்றுகின்றனர். காமராசர் 1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தபோது, கிண்டியில் அவருக்கு அரசு மரியாதையோடு இடம் அளித்தது மாற்றுக் கட்சி அரசே. 2006இல் அவர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாக அறிவித்ததும் அவர் எதிர்த்து நின்ற கட்சியின் அரசே. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும், "அந்தக் காலத்துக் காமராசர் எங்கே, இந்தக் காலத்து இவர்கள் எங்கே" என்று, மறைந்தவரை எடுத்து வாழ்பவரை அடிக்கும் கோலாக ஆக்குவது மதிப்பன்று. இறந்தவர் தேர்தலில் நிற்பதில்லை. அவர்க்கு மாலை சூட்டுவதில் இழப்பு ஏதுமில்லை. வாழ்பவருள் ஒருவரைச் சுட்டி, இவர் எம் கட்சியினர் அல்லர், ஆயினும் இவர் இந்த ஏரியைத் தூர்வாரினார், இந்தப் பள்ளிக்கு ஆசிரியரைக் கொண்டுவந்தார், கையூட்டு வாங்கவில்லை என்று சொல்வதே கடினம். அக்கடினத்தில்தான் மெய்ம்மை இருக்கிறது.

கவிஞர் கடன்

இறுதியாகக் கவிஞர்களுக்கு ஒன்று. தமிழகத்தில் தலைவர்க்கு வாழ்த்துப்பா எழுதாத கவிஞர் குறைவு. பிறந்தநாள் மலர்தோறும் கவியரங்கம்; கவியரங்கந்தோறும் சூரியன், இமயம், வேங்கை. அவற்றுள் ஒன்றையேனும் மாற்றணியினர் படித்துக் கண்கலங்கியிருப்பாரா என்பது ஐயமே. எதிர்க்கட்சியினரைப் பற்றிய பாக்களோ பெரும்பாலும் வசைபாக்கள். வாழ்த்தும் வசையும் ஆகிய இரண்டே துறைகளில் தமிழ்க்கவிதை சுருங்கிவிட்டால், மூன்றாவதாகிய வாய்மைக்கு இடம் எங்கே?

இவ்வட்டத்தின் கவிஞர் ஒவ்வொருவரும், தாம் வாக்களிக்காத கட்சியில், இன்று வாழ்கின்ற, தாம் அறிந்த ஒருவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதலாம். அவர் பேரூராட்சி உறுப்பினராக இருக்கலாம். கொடிக்கம்பம் நட்டுவிட்டுப் பிணத்துக்குத் தோள் கொடுக்க ஓடும் கிளைச் செயலாளராக இருக்கலாம். அவரது பிழைகளை மறைக்க வேண்டுவதில்லை. குயத்தியார் கரிகாலனின் வெற்றியை மறைக்கவில்லை. கண்ட குணத்தைக் கண்டபடி சொன்னால் போதும். அப்பாட்டைத் தம் கட்சி நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் படிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. படிக்கும்போது குரல் சற்றுத் தயங்கினால், அத்தயக்கமே பாட்டின் மதிப்பு.

வெண்ணிக் குயத்தியாரின் ஊர்ப்பெயரும் குலப்பெயரும் நிலைத்துள்ளன; அவரது இயற்பெயர் கூட எஞ்சவில்லை. தொகைநூல்களில் அவர் பெயரில் நிற்பது அந்த ஒரு பாட்டே. கரிகாலனை வாழ்த்தியவர் பலர். வென்றவன் முகத்தைப் பார்த்துத் தோற்றவனின் மேன்மையைக் கேட்டவர் அவர். அக்கேள்வியைக் கேட்ட பின்னும் கரிகாலன் பெருமை குறையவில்லை. தமிழின் பெருமை ஒரு படி உயர்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்திலிருந்து அத்தகைய ஒரு பாட்டு எழுமாயின், இவ்விழா நடந்ததன் பயன் கிட்டும்.